பாதி வழியில் திரும்பும் கதைகள்

ஒரு கதையைப் படித்து முடித்த பிறகு வருகிற வருத்தம் இரண்டு வகை. கதைக்குள் இருப்பவர்களுக்காக வருத்தப்படுவது ஒன்று. அந்த வருத்தத்தோடு நன்றாகத் தூங்கலாம். இன்னொன்று கதை சொன்னவர் மேல் வருவது. ஊர் ஒப்பாத ஓர் ஆசையை மெல்ல மெல்ல என்னை ஒப்ப வைத்து, அதற்காக என்னை ஊரோடு மனத்துக்குள் சண்டை போட வைத்து, கடைசிப் பத்துப் பக்கத்தில் தானே ஊரோடு சமாதானமாகிவிடுகிறவர் மேல் வருவது. அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். சண்டை போட்ட நான் தெருவில் நிற்கிறேன்.

இதைப் பற்றி இந்தக் கோடையில் அவ்வப்போது எழுதி வைத்தவை இவை. மருங்காபுரியில் கோடை மத்தியானம் நீளமானது. திருச்சி மாவட்டம் என்று சொன்னால் எல்லோரும் காவிரியை நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் காடுகளுக்குக் காவிரி வந்ததில்லை, மானாவாரி பூமி. வெயில் இறங்கும்வரை படிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

*

அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தாள். அவள் படிப்பதெல்லாம் ஜப்பானிய மாங்கா. வலமிருந்து இடமாகப் பக்கம் புரட்டுகிற படக்கதை. ரியோகோ இகேடா 1972-73-ல் 'மார்கரெட்' வார இதழில் வரைந்த 'வெர்சாயின் ரோஜா'வை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறாள். பிரெஞ்சுப் பிரபு வீட்டில் பிறந்த பெண் ஆஸ்கார். ஆண் வாரிசு இல்லாத தகப்பன் அவளை ஆண்பிள்ளையாகவே வளர்த்து ராணுவத்தில் சேர்க்கிறார். அதே வீட்டுச் செவிலியின் பேரன் ஆந்த்ரே. சிறு வயதிலிருந்தே அவள் நிழலாகத் திரிகிறவன். எஜமானி, வேலைக்காரன், சீருடை போட்ட பெண், அவளைப் பெண்ணாகவே பார்க்கும் ஆண். பல அத்தியாயம் காக்க வைத்து இருவரையும் சேர்க்கிறார் இகேடா. சேர்ந்த கையோடு 1789 ஜூலை 13 அன்று ஆந்த்ரே சாகிறான். மறுநாள் பாஸ்டீல் கோட்டை வாசலில் ஆஸ்கார்.

"ஒரே நாள் வித்தியாசத்துல ரெண்டு பேரையும் கொன்னுட்டாங்க சித்தி. சொதப்பிட்டாங்க" என்றாள். முகம் வாடியிருந்தது.

எனக்கு அது சொதப்பலாகத் தெரியவில்லை. ஆஸ்கார் தன் பட்டத்தைக் கழற்றி எறிந்து, தன் படையை மக்கள் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அந்த வாசலுக்குப் போகிறாள். வேலைக்காரனை நேசித்ததும் பிரபுக்களின் கட்சியை விட்டதும் அவளுக்கு ஒரே முடிவின் இரண்டு பக்கம். குண்டு பட்டது அந்த முடிவின் விலை. கதாபாத்திரம் தெரிந்து கொடுத்த விலை என்றால் சாவைக்கூட என்னால் ஏற்க முடிகிறது. அவளுக்கு இதைச் சொன்னபோது, "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மாங்காய் நறுக்கப் போய்விட்டாள்.

*

கதாபாத்திரம் கொடுக்காத விலையை வேறொருவன் தலையில் கட்டி முடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 'அபூர்வ ராகங்க'ளை விட நல்ல உதாரணம் தமிழில் இல்லை.

1975 ஆகஸ்டில் வந்த படம். கே. பாலசந்தர். வீட்டோடு கோபித்துக்கொண்டு வந்த இளைஞன் பிரசன்னா, தன்னைவிட வயதில் மூத்த பாடகி பைரவியை விரும்புகிறான். பைரவியின் மகள் ரஞ்சனி, அம்மாவோடு கோபித்துக்கொண்டு போய், பிரசன்னாவின் தகப்பனாரை மணக்க விரும்புகிறாள். இன்றைக்குப் பார்த்தாலும் துணிச்சல் குறையாத கதை. கமல்ஹாசனுக்கு எதிரே ஸ்ரீவித்யா அமர்ந்திருக்கும்போது, வயது என்பதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தோன்றும். கறுப்பு வெள்ளையில் பி.எஸ். லோகநாத் அந்த முகத்தை எடுத்திருக்கும் விதமே ஒரு வாதம். அவருக்கும், பாடிய வாணி ஜெயராமுக்கும் தேசிய விருது வந்தது நியாயம்தான்.

பிறகு இரும்புக் கதவைத் திறந்துகொண்டு பாண்டியன் வருகிறான். பைரவியை விட்டுப் போனவன், ரத்தப் புற்றுநோயோடு திரும்புகிறான். ரஜினிகாந்தின் முதல் படம் என்பதால் அந்தக் கதவைத் தமிழ்நாடே நினைவில் வைத்திருக்கிறது. கதைக்கு அந்தக் கதவு செய்த காரியத்தை யாரும் அதிகம் பேசவில்லை. கச்சேரி நடக்கும்போதே பாண்டியன் சாகிறான். அம்மாவும் மகளும் சேர்ந்துவிடுகிறார்கள். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்துவிடுகிறார்கள். நாலு பேரும் அவரவர் வீட்டுக்கு.

பாலசந்தர் இந்தக் கதையின் முடிச்சை வேதாளம் சொன்ன கதையிலிருந்து எடுத்துக்கொண்டார். மூலத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடத்தை ஓர் அரசனும் அவன் மகனும் பார்க்கிறார்கள். பெரிய பாதத்துக்காரி தகப்பனுக்கு, சின்னப் பாதத்துக்காரி மகனுக்கு என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். நேரில் பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சின்னப் பாதம் அம்மாவுடையது. பேசின பேச்சுத் தவறவில்லை. தகப்பன் மகளையும் மகன் தாயையும் மணந்துகொள்கிறார்கள். அவர்களுக்குப் பிறக்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று வேதாளம் கேட்கிறது. அதுவரை எல்லாப் புதிருக்கும் பதில் சொல்லி வந்த விக்கிரமாதித்தன் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. பதில் இல்லாததால்தான் வேதாளம் அவன் தோளைவிட்டுத் தப்பி ஓடாமல் கூடவே வருகிறது.

பழைய கதைக்காரனுக்கு இருந்த தைரியம் அது. கல்யாணங்களை நடத்திவிட்டான், உறவுக்குப் பெயர் தெரியாமல் அரசன் திணறட்டும் என்று விட்டுவிட்டான். 1975-ல் நாம் புதிரை வாங்கிக்கொண்டு கல்யாணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நடக்காத கல்யாணத்தில் பிறக்காத பிள்ளைகளைப் பற்றி யார் யோசிக்க வேண்டும்? ஒருத்தன் ரத்தம் கக்கிச் செத்ததில் எல்லோருக்கும் பதில் சொல்லும் வேலை மிச்சம்.

பாலசந்தரைக் குறை சொல்வது சுலபம். முடிவு வேறு மாதிரி இருந்திருந்தால் அந்தப் படம் கொட்டகையில் நின்றிருக்குமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் வியாபாரத்துக்காகத் திரும்பிய கதையும் திரும்பிய கதைதான். பத்து வருஷம் கழித்து 'சிந்து பைரவி'யில், பெற்ற குழந்தையை மனைவியின் கையில் கொடுத்துவிட்டுச் சிந்து கிளம்பிப் போகும்போது, இவருக்கு இது பழகிவிட்டது என்று நினைத்தேன்.

*

தி. ஜானகிராமனிடம் இந்தக் கணக்கு வேறு.

'மோகமுள்' கும்பகோணத்துக் கதை. எங்கள் பக்கத்தில் நின்று படித்தால் அதில் தண்ணீர் கொஞ்சம் அதிகம். பாபுவுக்கு யமுனா பத்து வயது மூத்தவள். நாவல் முழுக்க, வருஷக் கணக்காக, அவளைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறான்; ஆசைப்படுகிறான்; இரண்டும் ஒன்றுதான் என்று தன்னையே நம்ப வைக்கிறான். நடுவில் கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட தங்கம்மா ஓர் இரவில் சுவர் தாண்டி வந்து, பிறகு தன் உயிரையும் விட்டுவிடுகிறாள். (நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் தங்கம்மாவை ஒரு நிகழ்ச்சியாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அவளுக்கென்று தனி நாவல் வேண்டும் போலிருக்கும்.)

கடைசியில் யமுனா சம்மதிக்கிறாள். அதற்குப் பிறகு சர்வ சாதாரணமாக ஒரு சின்னக் கேள்வி கேட்கிறாள். அந்தக் கேள்வியைப் படித்து ஏமாந்துபோன பல பேரை எனக்குத் தெரியும். அறுநூறு பக்கத்துக்கு மேல் காத்திருந்தது இதற்கா என்று அவர்கள் கேட்கிறார்கள். சரியாக அதையேதான் யமுனாவும் கேட்கிறாள் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அது ஏமாற்றம்தான், ஆனால் ஆசைக்கு உள்ளேயே இருந்த ஏமாற்றம். ஆசிரியர் வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டது இல்லை. யாரும் சாகவில்லை, யாரும் திருந்தவில்லை. யமுனா வெட்கப்படவில்லை. பாபு மேற்கொண்டு இசை கற்க வடக்கே ரயில் ஏறுகிறான். ஞான ராஜசேகரன் 1995-ல் இதைப் படமாக எடுத்தபோது, நெடுமுடி வேணு பாபுவின் குரு ரங்கண்ணாவாக உட்கார்ந்திருந்த இடங்கள் அத்தனையும் எனக்குப் பிடித்தன. ஆனால் அந்தக் கேள்வியின் அலட்சியம் காகிதத்தில் இருப்பது போலத் திரையில் இருக்க முடியாது. அது தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அதே ஜானகிராமன் 'மரப்பசு'வில் தடுமாறினார் என்று நினைக்கிறேன். கல்யாணமே வேண்டாம், யாரையும் தொடுவதற்கு எனக்கு யார் அனுமதியும் வேண்டாம் என்று கிளம்பிய அம்மணி, வியட்நாம் போரைப் பார்த்து வந்த புரூஸைச் சந்தித்த பிறகு மெல்ல மெல்ல அடங்குகிறாள். அவள் அடங்கலாம், மனுஷி மாறுவாள். ஆனால் அதை ஞானம் என்ற தொனியில் சொல்லும்போது, அதற்கு முன்னால் அவள் வாழ்ந்தது அஞ்ஞானம் என்று ஆகிவிடுகிறது. அதைச் சொல்வதற்கு ஜானகிராமன் தேவையில்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

*

துவரங்குறிச்சியிலிருந்து திருச்சிக்கு பஸ் ஏறினால் வழியில் கொடும்பாளூர், பிறகு விராலிமலை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டிய சாலை. சிலப்பதிகாரத்தில் இந்தச் சாலைக்கு எதிர்த் திசையில் நடந்து போனவன் கோவலன். உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், கொடும்பைக் குளக்கரையில் பாதை சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று மாங்காட்டு மறையோன் சொல்கிறான். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடுவழியில் போகிறார்கள். கொடும்பாளூருக்குத் தெற்கே காடு என்றால் அது எங்கள் சுற்றுவட்டாரக் காடாகத்தான் இருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். யாரும் மறுக்க வரப்போவதில்லை.

அந்தக் காட்டில் தண்ணீர் குடிக்கப் பொய்கைக் கரைக்குப் போகிறான் கோவலன். வசந்தமாலை வந்து காலில் விழுகிறாள். மாதவியின் தோழி. நீ பிரிந்ததற்கு நான்தான் காரணம் என்று மாதவி என்னைத் துரத்திவிட்டாள் என்று அழுகிறாள். கோவலனுக்குச் சந்தேகம். வழியில் மயக்கும் தெய்வம் உண்டு என்று எச்சரித்திருக்கிறார்கள் அல்லவா? கொற்றவை மந்திரத்தைச் சொல்கிறான். உடனே அவள், நான் வனசாரிணி, மயக்கத்தான் வந்தேன், உன் மனைவியிடமும் கவுந்தியடிகளிடமும் சொல்லிவிடாதே என்று சொல்லிவிட்டு மறைகிறாள்.

வந்தது நிஜமான வசந்தமாலையாகவே இருந்திருந்தால்? இந்த இடத்தில் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்திருக்கிறேன். ஊர் ஒப்பாத அன்பிலிருந்து வரும் தூதை முதலில் பேய் என்று சந்தேகிக்கிறோம். மந்திரம் சொன்னால் அது பேயாகவே ஆகிவிடுகிறது.

ஆனால் இளங்கோ அதோடு விடவில்லை. இதற்கு ஓரிரு காதைகள் தள்ளி, நிஜமான தூது வருகிறது. கோசிகன் என்ற அந்தணன். வெயிலில் நடந்து உருமாறிப்போன கோவலனை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. வாடி நின்ற மாதவிக் கொடி ஒன்றைப் பார்த்து, கோவலனைப் பிரிந்து நீயும் வாடினாயோ என்று பேசிப் பார்க்கிறான். கோவலன் திரும்பிப் பார்க்கிறான். கையில் ஓலையை வாங்கியதும், முத்திரையில் அவள் கூந்தல் எண்ணெயின் மணம் இருப்பதை உணர்கிறான். உடனே பிரிக்க முடியவில்லை. படித்த பிறகு, அவள் மேல் தவறு இல்லை, தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்கிறான்.

அதற்கு அடுத்து அவன் செய்வதுதான் என் மனத்தைவிட்டுப் போக மறுக்கிறது. மாதவி எழுதிய ஓலையின் வாசகம் தன் தாய் தந்தையருக்குத் தான் எழுத வேண்டியதற்கும் பொருந்துகிறது என்று கண்டு, அதே ஓலையை அவர்களிடம் காட்டச் சொல்லி அனுப்பிவிடுகிறான்! காதலி எழுதிய மன்னிப்புக் கடிதம், மகன் எழுதிய மன்னிப்புக் கடிதமாகப் புகாருக்குத் திரும்புகிறது. அவளுக்குப் பதில் வரி ஒன்றுகூட இல்லை.

வாசகியாக எனக்கு அங்கே ஏமாற்றம் தொண்டையை அடைக்கிறது. ஆனாலும் இளங்கோ மேல் கோபம் வரவில்லை. அவர் மாதவியைத் தண்டிக்கவில்லை. அவள் பொய்க்காரி என்று கடைசியில் கண்டுபிடிக்கவில்லை. அவள் குற்றமற்றவள் என்பதைக் கோவலன் வாயாலேயே சொல்ல வைத்து, அதற்குப் பிறகும் அவன் அவளுக்கு ஒன்றும் செய்யாததை அப்படியே எழுதிவிட்டார். பின்வாங்கியது கோவலன். கதை பின்வாங்கவில்லை.

*

விராலிமலை என்றால் மயிலும் முருகனுக்குச் சுருட்டும். பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு விறலிவிடு தூதுகள் நினைவுக்கு வரும். நாயக்கர் காலத்திலும் பாளையக்காரர்கள் காலத்திலும் கொடிகட்டிப் பறந்த சிற்றிலக்கியம். மருங்காபுரியும் பாளையமாக இருந்த ஊர்தான். எல்லாவற்றிலும் அச்சு ஒன்றே. மனைவியோடு ஊடிப் போனவன் தாசி வீட்டில் விழுகிறான். அவள் தாய்க்கிழவி மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். பொருள் போகிறது, அவனும் வெளியே போகிறான். ஒரு வள்ளல் கை கொடுக்கிறார். விறலியைத் தூது அனுப்பி மனைவியிடமே திரும்புகிறான். புலவருக்கு ருசி முழுக்க நடுவில். முடிவில் அவசரக் கும்பிடு. அந்தத் தாசி பிறகு என்ன ஆனாள் என்று ஒரு கண்ணி கிடையாது.

நிஜ விராலிமலையில் முத்துக்கண்ணம்மாள் இருக்கிறார். அந்த மலைக்கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட முப்பத்திரண்டு பெண்களில் கடைசியாக எஞ்சியவர். மலையேறிப் பாடியவர், சதிர் ஆடியவர். 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தூது நூல்களில் வரும் பெண்ணுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த நூல்களுக்கு எப்போதுமே நிஜப் பெண்களோடு சம்பந்தம் இருந்ததில்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

*

ஸ்ரீரங்கத்தில் இதை வேறு மாதிரி தீர்த்திருக்கிறார்கள். தீர்க்காமல் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

பங்குனி ஆயில்யத்தன்று நம்பெருமாள் காவிரியைத் தாண்டி உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தியில் இருக்கிறார். சோழன் மகள், அரங்கனை விரும்பியவள். அவளுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள். திரும்பி வந்தால் ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிடுகிறார். மோதிரத்தைத் தொலைத்துவிட்டேன், தேடப் போனேன் என்று இவர் சாக்குச் சொல்ல, தாயார் பக்கத்தார் நம்பாமல் கேள்வி கேட்க, மட்டையடி நடக்கிறது. நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் செய்கிறார். உத்திரத்தன்று தாயாரோடு சேர்த்தி. அடுத்த பங்குனியில் மறுபடியும் ஆற்றைத் தாண்டிப் போகிறார்!

இந்தச் சண்டையில் யாரும் திருந்துவதில்லை. உறையூர்க்காரி ஒரு மயக்கம் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு நாள் என்பது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை. ஆனால் அந்த ஒரு நாளை யாரும் கதையிலிருந்து வெட்டவில்லை.

அதே கோயிலில் துலுக்க நாச்சியார் சன்னிதி இருக்கிறது. சுல்தான் எடுத்துப்போன அரங்கன் சிலையை அவன் மகள் விளையாட வைத்துக்கொண்டாள், விளையாட்டு பிரியமாகியது, சிலையை மீட்டுக்கொண்டு வந்தபோது அவளும் பின்னாலேயே ஸ்ரீரங்கம்வரை வந்து உயிர் விட்டாள் என்பது ஐதிகம். பதினாலாம் நூற்றாண்டில் இந்தக் கோயில் பட்ட அடி வரலாறு. அந்த வரலாற்றுக்கு நடுவே, அடித்தவன் வீட்டுப் பெண் ஒருத்தி அரங்கனை விரும்பினாள் என்று ஒரு கதையைச் சொல்லிக்கொள்ளவும், அவளுக்கு இடம் ஒதுக்கவும் இந்த ஊருக்கு மனம் இருந்திருக்கிறது. விக்கிரகம் இல்லை, சுவரில் ஓவியம். அவளுக்காக ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம், பெருமாளுக்குக் கைலி. அவள் செத்துவிட்டாள் என்று கதை முடிந்தாலும் அவளுக்குப் பிடித்த சாப்பாடு நிற்கவில்லை. எந்த நாவலாசிரியரும் தன் நாயகிக்குச் செய்யாதது.

*

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், பிள்ளையில்லாத பெண்கள் அந்நிய ஆணோடு சேரலாம். அன்றைக்கு எல்லா ஆணும் சாமி என்பது நாவலில் வரும் வழக்கம். கணவன் காளிக்கும் சம்மதம் என்று அண்ணன் சொன்ன பொய்யை நம்பிப் பொன்னா போகிறாள். போன இடத்தில் அவள் கண் ஒவ்வொரு முகமாகத் தேடுகிற பக்கங்களில், பிள்ளைக்காக வந்தவள் என்ற நியாயத்தைத் தாண்டி வேறொன்று தலை நீட்டுகிறது. அவளுக்கே புதிதான சுதந்திரம். நாவல் முடியும்போது காளி தொண்டுப்பட்டியில் பூவரச மரத்தின் கிளையை நிமிர்ந்து பார்க்கிறான். அவ்வளவுதான்.

அவன் செத்தானா இருந்தானா என்ற கேள்விக்கு, முருகன் 2014-ல் இரண்டு நாவலாகப் பதில் எழுதினார். 'ஆலவாய'னில் காளி இல்லை. 'அர்த்தநாரி'யில் இருக்கிறான். பிறகு எழுந்த சண்டையும், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் 2015 ஜனவரியில் அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றதும் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தத்தில் இந்த இரட்டை முடிவைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை.

'ஆலவாய'னில் பொன்னாவும் மாமியார் சீராயியும் ஒருத்தியை ஒருத்தி தாங்கிப் பிடித்துக்கொள்கிற பகுதிகள் அபாரமானவை. ஆனாலும் அதைப் படிக்கையில் எனக்குப் பாண்டியன் நினைவு வந்துவிட்டது. ஓர் ஆண் செத்ததும் மற்றவர்கள் ஒன்றுசேர வழி பிறந்துவிடுகிறது; பொன்னா யாருடைய முகத்தையும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'அர்த்தநாரி'யில் தப்பிக்க வழியில்லை. காளி உயிரோடு இருக்கிறான், பொன்னாவோடு பேச மறுக்கிறான். அவள் வயிற்றில் பிள்ளை வளர்கிறது. அந்த ராத்திரி அவள் கண்ட சந்தோஷத்துக்கு அவன் முன்னால் என்ன பெயர் வைப்பது? விக்கிரமாதித்தன் வாய் திறக்காத இடத்துக்கு முருகன் இரண்டு பேரையும் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். அக்கா மகள் ஊருக்குக் கிளம்பும்போது மூன்று புத்தகத்தில் எதை எடுத்துப் போகட்டும் என்று கேட்டாள். முதலாவதையும் 'அர்த்தநாரி'யையும் கொடுத்தேன். 'ஆலவாய'னை அவள் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.